மூன்றாவது கெப்பாசிட்டரும் வெடித்துவிட்டது... கழற்றி வீசிவிடலாமா?

கேள்வி: ''மேலப்பாளையத்தில் இரண்டு ஏக்கரில் வாழை வைத்திருக்கிறேன். கிணற்றில் 7.5 ஹெச்.பி. மோட்டார். ஒன்றரை வருடத்துக்குள் மூன்று கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்துவிட்டன. கடைசியாக வெடித்தபோது நான் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தேன். மோட்டார் போடப் போன என் மகனுக்கு நூலிழையில் முகம் தப்பியது. 'கெப்பாசிட்டரே வேண்டாம், கழற்றிப் போடுங்க அண்ணாச்சி' என்கிறார் எலக்ட்ரீசியன். 'அதைக் கழற்றினால் வோல்டேஜ் இன்னும் படுத்துவிடும்' என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். யார் சொல்வது சரி? எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் மொத்தம் 10 கிணறுகளும், ஒரு மசாலா அரவை ஆலையும் உள்ளன.''

- மேலப்பாளையம் வாசகர், திருநெல்வேலி மாவட்டம்.

பதில்: பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதுதான் சரி. ஆனால், எலக்ட்ரீசியனின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நல்ல கெப்பாசிட்டர் ஒன்று பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். ஒன்றரை வருடத்தில் மூன்று போகிறது என்றால் பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த லைனில் ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நான்காவதை வாங்கினால் அதுவும் வெடிக்கும். கழற்றி வீசினால் அடுத்து வேறொன்று எரியும்.

கெப்பாசிட்டர் என்ன வேலை செய்கிறது?

மின்வாரியத்தின் அறிவிப்புகளில் 'மின்தேக்கி' என்று எழுதப்படுவது இதுதான். மோட்டார் இரண்டு வகை மின்சாரம் கேட்கும். ஒன்று, தண்ணீரை மேலே தூக்குவதற்கு. இன்னொன்று, மோட்டாருக்குள் காந்தத்தை உண்டாக்குவதற்கு. இரண்டாவது வகை மின்சாரம் எந்த வேலையும் செய்யாது. லைனில் போவதும் திரும்பி வருவதுமாக இருக்கும். ஆனால், கம்பியில் இடத்தை அடைத்துக்கொள்ளும். கெப்பாசிட்டர் அந்தக் காந்த மின்சாரத்தை மோட்டாருக்குப் பக்கத்திலேயே கொடுத்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அது வரத் தேவையில்லை.

கணக்காகப் பார்க்கலாம். 7.5 ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போது கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் லைனிலிருந்து ஏறத்தாழ 12 ஆம்பியர் இழுக்கும். 3 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் இருந்தால் லைனில் வருவது 10 ஆம்பியராகக் குறையும். இரண்டு ஆம்பியர்தானே என்று தோன்றும். ஆனால், கம்பியில் சூடாக வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கம்பியின் கடைசியில் இருக்கும் கிணற்றுக்கு வோல்டேஜ் ஏறுகிறது.

'விவசாயத்துக்குத்தான் மின்சாரம் இலவசமாச்சே, மிச்சம் பிடித்து நமக்கு என்ன லாபம்?' என்று கேட்கலாம். லாபம் பில்லில் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. பிசான அறுவடை முடிந்து, பாளையங்கால்வாயில் தண்ணீர் நின்று, கார் பருவத்துக்குத் திறக்கும் வரை வாழைக்குக் கிணறுதான் கதி. அந்த மாதங்களில் 10 கிணறுகளும் ஒன்றாக ஓடும். வாசகரின் டிரான்ஸ்ஃபார்மர் 100 கே.வி.ஏ. என்றும், ஆலையின் சுமை 30 ஹெச்.பி. என்றும் வைத்துக்கொள்வோம். பத்து மோட்டாருக்கும் கெப்பாசிட்டர் இருந்தால் மொத்தச் சுமை 95 கே.வி.ஏ. அளவில் நிற்கும். பத்தையும் கழற்றிவிட்டால் அது 108-ஐத் தொடும். கோடை வெயிலில் அந்தக் கூடுதல் சுமையைத் தினமும் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதிக நாள் தாங்காது. அது எரிந்து, மாற்று வரும்வரை காத்திருக்கும் நாள்களில் குலை தள்ளிய வாழை என்ன ஆகும் என்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எது அதை வெடிக்க வைக்கிறது?

கெப்பாசிட்டர் கெடப் பல காரணங்கள் உண்டு. வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாமல் வைப்பது ஒன்று. ஸ்டார்ட்டருக்கு முன்னால் இணைப்பது இன்னொன்று. அப்படி இணைத்தால் மோட்டார் நின்ற பிறகும் இரவெல்லாம் கெப்பாசிட்டர் லைனிலேயே இருக்கும். இரவில் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும்போது அடி வாங்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத மலிவுச் சரக்கு மூன்றாவது. முதலில் இவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வெடிக்கிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது 'ஹார்மோனிக்ஸ்'. வாசகரின் கடிதத்தில் 'மசாலா அரவை ஆலை' என்ற ஒரு வார்த்தை வந்திருப்பதால் இந்தச் சந்தேகம் வலுவாகிறது.

மின்சாரம் அலையாக வருகிறது. நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும். 1944 முதல் ஓடும் பாபநாசம் நீர்மின் நிலையம் ஆனாலும் சரி, இன்றைய அனல் மின் நிலையம் ஆனாலும் சரி, சுழலும் ஜெனரேட்டர் கொடுப்பது சீரான அலைதான். கெடுவது, நாம் அதை இழுக்கும் விதத்தால். சாதாரண மோட்டார், அலை ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கிச் சீராக இழுக்கும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் என்ற மின்னணுப் பெட்டி அப்படி இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் 'வெடுக் வெடுக்' என்று பிடுங்கும். மடையில் சீராகப் பாயும் தண்ணீரை நடுவில் ஒருவர் குடத்தால் விட்டுவிட்டு மொண்டால், கீழே போகும் தண்ணீர் அலைபாயும் அல்லவா? அதே கதைதான்.

இப்படிப் பிடுங்குவதால் 50 என்ற அசல் அலையோடு சில உபரி அலைகளும் லைனில் கலந்துவிடுகின்றன. மும்முனை டிரைவ்களிலிருந்து வருபவை பெரும்பாலும் 5, 7, 11, 13-ம் மடங்கு அலைகள். அதாவது நொடிக்கு 250, 350, 550, 650 முறை ஆடுபவை. இவற்றைத்தான் ஹார்மோனிக்ஸ் என்கிறார்கள்.

எல்லோரையும் விட்டுவிட்டு கெப்பாசிட்டரை மட்டும் தாக்குவது ஏன்?

கெப்பாசிட்டரின் குணம் அப்படி. அலை எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ, அவ்வளவு சுலபமாக அதைத் தனக்குள் விட்டுக்கொள்ளும். 5-ம் அலைக்கு அது ஐந்து மடங்கு அகலமான வாசல். 7-ம் அலைக்கு ஏழு மடங்கு. லைன் வோல்டேஜில் 7-ம் அலை 10 சதவிகிதம் கலந்திருந்தால், கெப்பாசிட்டருக்குள் அதன் ஆம்பியர் 70 சதவிகிதம் அளவுக்குப் பாயும். 5-ம் அலையும் 10 சதவிகிதம் சேர்ந்தால், இரண்டும் சேர்த்து மொத்த ஆம்பியர் 1.32 மடங்காகிறது. சாதாரண கெப்பாசிட்டர்கள் தொடர்ந்து தாங்கும்படி செய்யப்படுவது 1.3 மடங்கு வரைதான். அதற்கு மேல் போனால் உள்ளே உள்ள மெல்லிய படலம் சூடாகிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொத்தல் விழும். வாயு சேர்ந்து டப்பா உப்பும். பிறகு வெடிக்கும்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரம் பார்த்து விரலால் தள்ளினாலே போதும். ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். டிரான்ஸ்ஃபார்மரின் சுருளும், லைனில் உள்ள கெப்பாசிட்டர்களும் சேர்ந்து ஓர் ஊஞ்சல் மாதிரி. அந்த ஊஞ்சலின் வேகமும் ஹார்மோனிக்ஸ் அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால், சிறிய அலையும் பல மடங்கு பெருகிவிடும். இதற்கு 'ரெசொனன்ஸ்' என்று பெயர்.

ஊஞ்சலின் வேகத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்த்தகட்டில் 'இம்பீடன்ஸ்' என்று ஒரு சதவிகிதம் இருக்கும். 100 கே.வி.ஏ.வுக்கு 4.5 சதவிகிதம் என்றால், 100-ஐ 0.045-ஆல் வகுத்தால் 2,222. இதை லைனில் உள்ள மொத்த கே.வி.ஏ.ஆர்.-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் எத்தனையாவது அலையில் ஊஞ்சல் ஆடும் என்று தெரிந்துவிடும்.

ஆலையில் பழைய 15 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் ஒன்று நிரந்தரமாக லைனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிணறு எதுவும் ஓடாதபோது ஊஞ்சல் 12.2-ல் நிற்கும். ஐந்து கிணறுகள் ஓடினால் மொத்தம் 30 கே.வி.ஏ.ஆர்.; ஊஞ்சல் 8.6-க்கு வரும். பத்தும் ஓடினால் மொத்தம் 45; ஊஞ்சல் சரியாக 7-ல் வந்து நிற்கும். ஆலையின் டிரைவ் கொடுப்பதும் 7-ம் அலை. பிறகு கேட்க வேண்டுமா?

சில நாள் ஒன்றும் ஆகாமல், திடீரென ஒரு நாள் வெடிப்பதன் ரகசியம் இதுதான். இப்போது பல கிணறுகளில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் பத்து மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகின்றன. அந்த நேரத்தில் ஆலையும் ஓடினால், அடி விழுவது கெப்பாசிட்டருக்கு.

சந்தேகத்தை எப்படி உறுதிசெய்வது?

பெரிய கருவிகள் தேவையில்லை. 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று எழுதிய கிளாம்ப் மீட்டர் ஒன்று போதும். அந்த எழுத்து இல்லாத மலிவு மீட்டர் ஹார்மோனிக்ஸ் இருக்கும் இடத்தில் தவறான அளவைக் காட்டும். உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து, கெப்பாசிட்டருக்குப் போகும் மூன்று வயர்களிலும் தனித்தனியாக ஆம்பியர் பார்க்க வேண்டும். ஆலை ஓடும்போது ஒரு முறை, ஓடாதபோது ஒரு முறை.

440 வோல்ட், 3 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டருக்கு அளவுகள் இவை:

* லைனில் 415 வோல்ட் இருக்கும்போது மூன்று வயரிலும் 3.7 ஆம்பியர் அளவில் இருந்தால், நல்ல நிலையில் இருக்கிறது.

* மூன்றும் 3 ஆம்பியருக்குக் கீழே இருந்தால், வலு இழந்துவிட்டது. ஆனால், லைன் வோல்டேஜ் 350-க்குக் கீழே இருந்தால் நல்ல கெப்பாசிட்டரும் இப்படித்தான் காட்டும். அதனால் வோல்டேஜையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

* ஒரு வயரில் மட்டும் குறைந்தால், உள்ளே ஒரு பகுதி செத்துவிட்டது. மாற்றிவிட வேண்டும்.

* ஆலை நிற்கும்போது 3.7, ஓடும்போது 5 ஆம்பியருக்கு மேல் என்றால் சந்தேகமே வேண்டாம், ஹார்மோனிக்ஸ்தான். 5.1 ஆம்பியரைத் தாண்டினால் அந்த கெப்பாசிட்டரின் நாள் எண்ணப்படுகிறது.

மீட்டர் வைப்பதற்கு முன்பு ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை கிணறு ஓடியது, ஆலை ஓடியதா என்று பத்து நாள் குறித்துவைத்தால், மின்வாரியத்திடம் பேசவும் ஆலைக்காரரிடம் பேசவும் அதுவே சாட்சி.

என்ன செய்ய வேண்டும்?

முதல் தீர்வு, ஆலையில் இருக்கிறது. டிரைவ் வைத்த மோட்டாருக்குத் தனியாக கெப்பாசிட்டர் தேவையே இல்லை. டிரைவ் வாங்குவதற்கு முன்பு பழைய மோட்டாருக்காக வைத்த 15 கே.வி.ஏ.ஆர். கழற்றப்படாமல் கிடப்பதுதான் பல இடங்களில் வினை. அதை எடுத்துவிட்டால், பத்துக் கிணறும் ஓடும்போது லைனில் மொத்தம் 30 கே.வி.ஏ.ஆர்.தான். ஊஞ்சல் 8.6-க்கு நகர்ந்துவிடும். 7-க்கும் 11-க்கும் நடுவில், தள்ளுவதற்கு ஆள் இல்லாத இடம் அது. ஆலையில் டிரைவ் இல்லாத மற்ற மோட்டார்களும் இருந்தால், அவற்றுக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் அந்தந்த மோட்டாரோடு சேர்த்து வைக்கலாம். எதைக் கழற்றுவதற்கு முன்பும் ஆலையின் பவர் ஃபேக்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, டிரைவுக்கு முன்னால் 'லைன் சோக்' என்ற சுருளைப் பொருத்துவது. அது வெடுக்கென்று பிடுங்குவதை மட்டுப்படுத்தும். உபரி அலை பிறக்கும் இடத்திலேயே குறைந்துவிடும். பத்துக் கிணற்றுக்கும் வைத்தியம் பார்ப்பதைவிட ஒரு டிரைவுக்குப் பார்ப்பது சுலபம், செலவும் குறைவு.

மூன்றாவது, கிணற்றில் செய்ய வேண்டியது. புதிதாக வாங்கும் கெப்பாசிட்டர் 'ஹெவி டியூட்டி' வகையாக, 480 அல்லது 525 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. 525 வோல்ட்டில் 3 கே.வி.ஏ.ஆர். என்று எழுதியிருப்பது, 415 வோல்ட்டில் 1.9 மட்டுமே கொடுக்கும். 3 வேண்டுமானால் 525 வோல்ட்டில் 5 என்று எழுதியதை வாங்க வேண்டும். சாதாரண ஸ்டார்ட்டர் என்றால், ஸ்டார்ட்டருக்குப் பின்னால், மோட்டார் பக்கத்தில் இணைக்க வேண்டும். மோட்டார் நின்றால் கெப்பாசிட்டரும் நிற்க வேண்டும். நிழலில், காற்றோட்டமாக, ஆள் நிற்கும் முகத்துக்கு நேராக இல்லாமல் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். வழக்கமான அளவு: 3 ஹெச்.பி.க்கு 1, 5-க்கு 2, 7.5-க்கு 3, 10-க்கு 4, 15-க்கு 5 கே.வி.ஏ.ஆர். 'கூட வைத்தால் நல்லது' என்று பெரிதாக வைத்தால் மோட்டாருக்கும் கேடு, லைனுக்கும் கேடு.

ஆலைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை. அவருடைய 15 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டரும் இதே அடியைத்தான் வாங்கிக்கொண்டிருக்கும். டிரைவின் உள்ளே இருக்கும் பாகங்களும் சூடேறும். நோட்டையும் மீட்டர் அளவுகளையும் காட்டினால், 'நமக்கும் நஷ்டம்தான்' என்று அவருக்கே புரியும். மத்திய மின்சார ஆணையத்தின் 2007-ம் ஆண்டு மின்தொடரமைப்பு இணைப்பு விதிகள், வோல்டேஜில் மொத்த ஹார்மோனிக்ஸ் 5 சதவிகிதத்தையும், தனி ஓர் அலை 3 சதவிகிதத்தையும் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தன. பெரிய ஆலைகளுக்கு மின்வாரியம் இதை அளந்து பார்க்கிறது. கிராமத்து டிரான்ஸ்ஃபார்மரில் யாரும் தானாக வந்து அளப்பதில்லை, கேட்டால்தான் உண்டு. பேச்சில் தீராவிட்டால், பத்துக் கிணற்றுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-லும் புகாரைப் பதிவு செய்யலாம்.

கடைசியாக, அந்த மகனுக்காக. உப்பிய கெப்பாசிட்டரோடு மோட்டாரைப் போடவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். குறைந்தது ஐந்து நிமிடம் கழித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். 'மெயினை ஆஃப் பண்ணியாச்சு' என்று உடனே கை வைத்தால் ஆபத்து.

கேள்வி: ''மானியத்தில் சோலார் பம்ப்செட்டுக்கு விண்ணப்பித்துள்ளேன். கிணற்றில் இருக்கும் பழைய மோட்டாரையே சோலார் கன்ட்ரோலரோடு இணைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மோட்டாரில் உள்ள கெப்பாசிட்டரை அப்படியே விடலாமா?''

- வாசகி, சேரன்மகாதேவி.

பதில்: விடவே கூடாது. சோலார் கன்ட்ரோலரும் ஒரு வகை டிரைவ்தான். அதன் வெளியேறும் பக்கத்தில் வருவது, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை துண்டு துண்டாக வெட்டப்பட்ட மின்சாரம். அங்கே கெப்பாசிட்டர் இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் பெரும் ஆம்பியரை இழுக்கும். கெப்பாசிட்டரும் போகும், விலை அதிகமான கன்ட்ரோலரும் போகும். கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவில் கெப்பாசிட்டர் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது. இரண்டு முனை மின்சாரத்தில் ஓட்டுவதற்காக வைத்த கண்டன்சரும் இதில் அடக்கம். பழைய மோட்டாரை அந்தக் கன்ட்ரோலரோடு ஓட்டலாமா என்பதை, அதைப் பொருத்தும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சூரிய சக்தியில் மட்டும் தனியாக ஓடும் பம்ப்செட்டால் பக்கத்துக் கிணறுகளுக்கு ஹார்மோனிக்ஸ் போகாது. அது லைனோடு சேரவே இல்லை. ஆனால், வெயில் இல்லாதபோது மின்வாரிய இணைப்புக்கு மாறும் வகை என்றால், அதுவும் அரவை ஆலையின் டிரைவ் போலத்தான் லைனைக் கலக்கும். அந்த வகையை வாங்குபவர்கள் லைன் சோக் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். தன் கிணற்றுக்கு வெளிச்சம் வாங்கப்போய், பக்கத்துக் கிணற்றின் கெப்பாசிட்டரை வெடிக்கவிட வேண்டாம்.